நடுத்தரம் என்று போட்டிருந்தது

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுத மனம் வரவில்லை. நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய். போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடமே “மீட்டிங்ல இருக்கேன்க்கா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பொறுமையாகக் கடைசி வரை படி.

விபத்து நடந்ததை அத்தான் உனக்குச் செய்தியாக அனுப்பியிருந்தார் என்று தெரியும். “ஒருத்தர் விழுந்துட்டார், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்” என்று ஒரே வரி. அவர் குணம் உனக்குத் தெரியும். வீடே பற்றி எரிந்தாலும் “கொஞ்சம் புகையா இருக்கு” என்பார். நடந்ததை நான் சொல்கிறேன்.

விழுந்தவர் ஒரு பஸ் டிரைவர். வயது நாற்பத்தாறு. மேட்டைத் தாண்டிப் போகும் டவுன் பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் கடையில்தான் சரளையில் ஓட்டுகிற ஒரு பழைய கிராவல் சைக்கிள் வாங்கினார். அகல டயர் வைத்தது, பச்சை நிறம், நீயே கைப்பிடி உயரம் சரிசெய்து கொடுத்தாய். நீயும் அத்தானும் உன் சைக்கிள் சுற்றுலாக் கம்பெனிக்காக வகுத்த ஆறு சரளைப் பாதைகளில் நடுத்தரம் என்று போட்டவற்றில் மூன்றை முடித்துவிட்டு, நாலாவதாக ஆறாவது பாதைக்குப் போயிருக்கிறார். கல்குவாரிக்குப் பின்பக்கம் இறங்குகிற படிப்பாறைச் சரிவில் முன்சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கி, ஆள் தூக்கி எறியப்பட்டு முதுகு பாறையில் அடித்திருக்கிறது. அங்கே போனில் சிக்னல் இல்லை என்பது உனக்கே தெரியும். இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். மழைக்குப் பிறகு பாதை எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போன அத்தான்தான் அவரைக் கண்டெடுத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாளே சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அத்தானுடைய வழிகாட்டி உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. டியூப் மாற்ற வருகிறவன்கூட அதை நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். சிலர் படித்துவிட்டு வராமலே போகிறார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி விசாரணை. பாதைக்குத் தவறாகத் தரம் போட்டார் என்று முடிவானால் உரிமம் போய்விடும். வழக்கும் வரலாம் என்கிறார்கள். அத்தானுக்குச் சைக்கிளையும் மலையையும் விட்டால் வேறு என்ன தெரியும், சொல்.

விசாரணை அதிகாரி என்னிடமும் கேட்டார். கடைக் கணினியில் உட்காருகிறவள் நான்தானே. உங்கள் முறையை அவருக்கு விளக்கினேன். அதையே உனக்கும் எழுதுகிறேன், நீ எழுதும்போது ஏறுக்கு மாறாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பாதையிலும் இரண்டு பேரும் போவார்கள், ஆனால் தரத்தை முடிவு செய்வது என் தம்பியின் கால்தான், என் வீட்டுக்காரரின் கால் இல்லை என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். என் வீட்டுக்காரர் பழைய பந்தயக்காரர், அவருக்குச் செங்குத்துப் பாறையும் சமதரைதான், அவர் சொல்கிற தரத்தை நம்பி யாரும் போக முடியாது என்று விளக்கினேன். தம்பி சாதாரணமாக ஓட்டுகிறவன், இறக்கம் வந்தாலே பிரேக்கை விடமாட்டான், அதனால் அத்தான் அவனைப் ‘பிரேக்’ என்றுதான் கூப்பிடுவார் என்றதும் அதிகாரிகூடச் சிரித்தார். பாதையைத் தாளில் துண்டு துண்டாகப் பிரித்து, ஓட்டியது, தள்ளியது, தூக்கியது என்று மூன்று கட்டம் போட்டிருப்பதைக் காட்டினேன். தம்பி ஓர் இடத்தில் இறங்கித் தள்ளினால் பாதை கடினம். சைக்கிளைத் தோளில் தூக்கினால் மிகக் கடினம். முழுக்க ஓட்டினால்தான் நடுத்தரம். ஆறாவது பாதைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் ‘ஓட்டியது’ என்று உன் கையெழுத்தில் டிக் இருக்கிறது. கீழே அத்தான் ஒப்பம்.

ஆக, உன்னிடம் கேட்பது இரண்டே காரியம். முதலாவது, அந்தப் பாதையை உங்கள் கம்பெனி இணையதளத்திலிருந்து எடு, அல்லது தரத்தையாவது மாற்று. மழையில் கல்லெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. வெயில் அடித்தால் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். இரண்டாவது, அந்தச் சரிவை நானே ஓட்டித்தான் இறங்கினேன், முறைப்படிதான் தரம் போட்டோம் என்று அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுது. நீ இறங்கிய பாதையைப் பற்றி நீ சொல்ல உனக்கென்ன தயக்கம் இருக்கப்போகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் சோம்பல் படாதே. அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு போ.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


ஜூலை 21

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. கம்பெனிக் காகிதத்தில் அழகாக அடித்து அனுப்பியிருந்தாய். முதல் தடவை படித்தபோது யாரோ வேறு ஆளுக்கு எழுதியது தவறி எனக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். பாதையெல்லாம் இப்போது கம்பெனியின் உடைமை, நீ தொட முடியாதாம். எதுவும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறாராம். தாளில் அத்தான் கையெழுத்து இருக்கிறது, அதுவே பேசுமாம். கடைசியில் ஒரு வரி, “பாதையின் நிலைமையைக் கவனித்து ஓட்டுவது ஓட்டுபவரின் பொறுப்பு” என்று. அந்த வரியை அந்த டிரைவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ வாசித்துக் காட்ட வேண்டும், நான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பயந்துபோயிருக்கிறான், புது வேலை, வக்கீல் மிரட்டியிருப்பான் என்று உனக்காக நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அத்தானிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் ஒரே பெடலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அதிகாரி, தரம் போட்ட அன்றைக்கு வழியையும் வேகத்தையும் பதிந்த கருவிகள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அத்தானுடையது அவர் சைக்கிளிலேயே இருக்கிறது. உன்னுடைய பழைய கருவி, கைப்பிடியில் மாட்டுவாயே, கண்ணாடியில் கீறல் விழுந்தது, அது கடை மேசையின் கீழ் இழுப்பறையில் கிடந்தது. கம்பெனி புதிது கொடுத்ததும் நீ விட்டுவிட்டுப் போனது. சார்ஜ் ஏற்றிக் கணினியில் போட்டேன். தம்பி ஓட்டியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், அவன் கடிதமே தேவையில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படிப்பாறைச் சரிவு நானூற்று இருபது மீட்டர். அத்தான் அதை ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் இறங்கியிருக்கிறார். நீ ஏழு நிமிடம்.

கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முன்னும் பின்னும் பார்த்தேன். சமதரையில் உன் வேகம் எப்போதும் போல. முந்தின பாதைகளின் இறக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு பிரேக் பிடித்தாலும் மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டருக்குக் குறைந்து நீ எங்கேயும் இறங்கியதில்லை. இங்கே மட்டும் மூன்றரை. இறக்கத்தில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டரில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை. பாலன்ஸ் நிற்காது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுதான், ஆனால் பதினான்கு வருடமாகச் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பெனிக்கு நீ அனுப்பியது எந்தப் பதிவு என்றும் தேடினேன். அத்தானுடையதை அனுப்பியிருக்கிறாய், உன் பெயரில்.

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அத்தான் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். “அவன் அந்தச் சரிவுல நடந்தானா?” என்று கேட்டேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே, “நடந்துதான் இறங்கினான். சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். கீழ நின்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார். அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்கே கேட்டிருக்கும். அவர் சக்கரத்தை நிறுத்தினார். “நீதானே சொன்னே” என்றார்.

தம்பி, நான் சொன்னேன். மறந்தே போயிருந்தேன். நீங்கள் ஆறாவது பாதைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், உங்கள் இரண்டு பேருக்கும் பையில் தண்ணீர் பாட்டிலை அடுக்கிக்கொண்டே சொன்னேன். உன்னை வேலைக்கு எடுக்கக் கம்பெனிக்காரன் ஆறு பாதை கேட்டிருந்தான், அதில் குறைந்தது நாலு நடுத்தரமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. கடினமான பாதைக்குக் கூட்டம் வராதாம். உன் கையில் மூன்றுதான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு வேலை கைநழுவி, நீ அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த காலம் அது. நான் அத்தானிடம், “நாளைக்கு அவன் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போட்டுடுங்க. அந்தக் கல்லு இந்தக் கல்லுன்னு நொட்டை சொல்லாதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா அவன் உடைஞ்சுடுவான்” என்றேன். அவர் சரி என்றார். அந்த மனிதர் நான் கேட்டு எதையும் இல்லை என்று சொன்னதில்லை, அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய கோளாறு.

உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா போகும்போது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அன்றிலிருந்து உனக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துப் பார்த்தே காலம் ஓடிவிட்டது. பரீட்சையில் தோற்றபோது வாத்தியாரைக் குறை சொன்னேன். வேலை போனபோது முதலாளியைக் குறை சொன்னேன். நீ ஒரு கட்டத்தில் பொய்யாக ஒரு டிக் போட, அதற்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. நான் கையெழுத்துப் போடத்தான் சொன்னேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டு ஓட்டியதாக எழுது என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. தோளில் தூக்கினால் என்ன பொருள் என்று அந்த முறையை அத்தானோடு சேர்ந்து உருவாக்கியவனே நீ. மிகக் கடினம் என்று அங்கே எழுதியிருந்தால் அந்த டிரைவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். அவர் நடுத்தரத்தைத் தாண்டாதவர்.

வக்கீல் பேச்சையெல்லாம் மூட்டை கட்டி வை. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு. வேலை போகும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். தரத்தை இன்றைக்கே மாற்று. நேற்றும் பார்த்தேன், நடுத்தரம் என்றுதான் போட்டிருக்கிறது, பக்கத்தில் சிரிக்கிற உன் படம்.

அக்கா


ஆகஸ்ட் 6

தம்பி,

எனக்குப் பதில் இல்லை. ஆனால் அத்தானுக்குப் போன் பண்ணியிருக்கிறாய். அவர் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் முக்கால் மணி நேரம் நின்றார். என்னிடம் இரண்டு நிமிடம் பேச நேரமில்லாதவனுக்கு அவரிடம் முக்கால் மணி நேரம் இருந்திருக்கிறது. யாரிடம் அழுதால் காரியம் நடக்கும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

திரும்பி வந்து, “அழுதான்” என்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே, “அவன் வாழ்க்கை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நமக்கென்ன, ரிப்பேர் வேலையை வச்சுப் பொழச்சுக்கலாம். நான்தான் தப்பாத் தரம் போட்டேன்னு சொல்லிடறேன், விடு” என்றார். எண்ணெய்க் கறை போன பிறகும் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோப்புப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். அதையும் அவரே போய் எடுத்து வந்து வைத்தார். இப்படி ஒருவரோடு சண்டைகூடப் போட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு குவாரிக்கு மேலே, சரிவு தொடங்கும் இடத்துக்குப் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். மேல்படியிலேயே எனக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்துவிட்டேன். நீ நடந்து இறங்கியதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் நடந்துதான் இறங்குவார்கள் என்று அங்கே உட்கார்ந்து நினைத்தேன். அதை எழுத உனக்கு அவ்வளவு வெட்கமா?

பதினோரு மணி வாக்கில் நாலு பேர் வந்தார்கள். இரண்டு ஜோடி. வழியை மறித்து, இறங்காதீர்கள், இது மிகக் கடினமான இடம் என்றேன். அதில் ஒருவர் போனை நீட்டி, “நடுத்தரம்னு போட்டிருக்கேம்மா” என்றார். நான் இதைப் போட்டவனின் அக்கா, தவறாகப் போட்டிருக்கிறான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மேட்டில் ஏதோ கிறுக்குப் பிடித்தவள் நிற்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் திரும்பிப் போனார்கள், என்னை நம்பியதால் இல்லை, ஜீப்பைக் குறுக்கே நிறுத்தியிருந்ததால். இனி எத்தனை ஞாயிறு நான் போய் நிற்பேன். நீ ஒரு சொல்லை மாற்றினால் முடிகிற வேலை இது.

அதற்கு அடுத்த நாள் டிரைவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தெருமுனையிலேயே இரண்டு தடவை திரும்பிவிட்டேன். முன்னறையில் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். காக்கிச் சட்டை தேய்த்தபடியே ஆணியில் தொங்குகிறது. டிப்போவில் டியூட்டிப் பட்டியலில் இன்னும் அவர் பெயரை அடிக்கவில்லையாம், அவர் மனைவி மெதுவான குரலில் சொன்னார். இனி வரமாட்டார் என்று யாரும் அவர்களிடம் இன்னும் சொல்லவும் இல்லையாம்.

திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார், தம்பி. “உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்லீங்க. என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தவரு அவரு. அவருக்கு ஒரு கெடுதல் வரக் கூடாது” என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அதிகாரிக்கு அவரே எழுதியது. பாதை நடுத்தரம் என்று போட்டிருந்தது, சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை, யார் மேலும் புகார் இல்லை என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறார். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் திணித்தார்.

“இருபது வருஷம் அந்த மேட்டுல பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு கீறல் இல்லை. கடைசியில நடுத்தரப் பாதையில, பெரியவங்க சின்னவங்க எல்லாம் போற பாதையில விழுந்துட்டேன். டிப்போ ஆளுங்க பார்க்க வந்தா எனக்கு மூஞ்சியைக் காட்டவே கூச்சமா இருக்கு” என்றார். கால் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார். அவர் மனைவி எனக்கு டீ கொண்டு வந்து வைத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்தத் தாள் இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. இதை நான் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. அத்தான் உரிமம் திரும்பி வரும். உன் வேலைக்கு ஆபத்தில்லை. கடைக் கதவில் நோட்டீஸ் இருக்காது. எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாம், அந்த டிரைவர் ஒருவரைத் தவிர. உண்மையைச் சொல்கிறேன், ஒரு முழு நாள் அதைக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். உனக்காக எவ்வளவோ செய்து பழகிய கை, இதையும் செய்யத் துடித்தது. அத்தானிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். அதற்கு மேல் ‘விடு’ என்று அவரும் சொல்லவில்லை.

நான் கொடுக்கப் போவதில்லை. பத்தாம் தேதி இரண்டு கருவிகளையும் மேசையில் வைக்கப் போகிறேன். நீ நடந்து இறங்கியதையும், அத்தான் அதைப் பார்த்ததையும், கையெழுத்துப் போடச் சொன்னது நான் என்பதையும் சொல்லப் போகிறேன். அத்தானும் வருகிறார். உரிமம் போனால் போகட்டும். உன்னைக் கேட்டுக்கொண்டு இதைச் செய்யவில்லை, தெரிவிக்கிறேன். வக்கீலிடம் சொல்லிக்கொள். என்னைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று தோன்றினால் அதையும் செய்துகொள், நான் தாங்கிக்கொள்வேன்.

ஆகையால் விசாரணைக்காக நீ எதுவும் எழுத வேண்டியதில்லை. இது வேறு.

டிரைவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது அவர் கூப்பிட்டு நிறுத்தினார். “உங்க தம்பியும் என்னை மாதிரி சாதாரணமா ஓட்டுறவர்தானாமே, அவரு ஓட்டிப் பார்த்துத்தான் தரம் போடுவாங்களாமே” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்போ ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுங்க. மேலேருந்து மூணாவது படியில ரெண்டு பாறை இருக்கு. அவரு அதுக்கு இடப்பக்கமா இறங்கினாரா, வலப்பக்கமா? நானும் படுத்துக்கிட்டே எப்படி எப்படியோ யோசிச்சுப் பார்த்துட்டேன், பிடிபடவே மாட்டேங்குது. அவருக்கு வந்துச்சுல்ல, எனக்கு மட்டும் ஏன் வரலைன்னு தெரிஞ்சா மனசு அடங்கிடும்” என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்கிறேன். இடப்பக்கமா, வலப்பக்கமா?

அந்த மனிதர் கண்ணை மூடினால் அந்தச் சரிவில்தான் இருக்கிறார். நாள் முழுக்கச் சைக்கிளை இறக்கிப் பார்க்கிறார், விழுகிறார், மறுபடியும் மேலே போய் நிற்கிறார். நான் போய்ச் சொன்னால், தம்பியின் குற்றத்துக்குப் பரிகாரம் தேடி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார். அதிகாரி சொன்னால் அது சட்டம். இறங்கியவன் நீ. நீ சொன்னால்தான் நம்புவார். கம்பெனிக் காகிதம் வேண்டாம், வக்கீல் வேண்டாம், மன்னிப்பெல்லாம் அப்புறம். உன் கையால் ஒரு வரி போதும். நான் ஓட்டவில்லை, நடந்துதான் இறங்கினேன் என்று எழுது. முகவரி இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

வேறென்ன எழுத. குளிரில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் உன் இரண்டு கால்களும் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா